காஃபின் மாத்திரை + 1500 கலோரி டயட்: மூணு வாரம் இறங்கின எடை இப்போ அசையல, டோஸ் கூட்டலாமா?

#1 தராசுமுள்

வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன். ஆண், வயசு 34, ஆரம்ப எடை 84 கிலோ. நாளைக்கு 1500 கலோரின்னு ஆப்ல எழுதி எழுதிச் சாப்பிடறேன். அதோட 200 மி.கி. காஃபின் மாத்திரை மூணு வேளை: காலை 8, மதியம் 1, சாயங்காலம் 6. ஜிம்ல ஒருத்தர் சொல்லி ஆரம்பிச்சது. முதல் மூணு வாரத்துல 3.8 கிலோ இறங்கிச்சு. பெல்ட்ல ஒரு ஓட்டை உள்ளே போச்சு, பார்க்கிறவங்க விசாரிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் 18 நாளா தராசு 80.2லயே ஆணியடிச்ச மாதிரி நிக்குது.

உடம்பு மாத்திரைக்குப் பழகிடுச்சுன்னு நினைக்கிறேன். வேளைக்கு 300 ஆக்கலாமா, இல்ல நாலாவது வேளை ஒண்ணு சேர்க்கலாமா? "காபியே விஷம்"னு ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு தாண்டிப் போயிடுங்க. டயட்டோட காஃபின் சேர்த்துப் பார்த்தவங்க சொல்லுங்க.

#2 நாலாவது_கப்

நண்பா, காஃபின் வேலை செய்யுது, அதுல சந்தேகமே வேண்டாம். 1989ல வந்த ஒரு ஆய்வு இருக்கு. 100 மி.கி. ஒரே ஒரு தடவை குடுத்ததுக்கே, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரி அடுத்த ரெண்டரை மணி நேரத்துக்கு 3-4 சதவீதம் கூடிச்சு. ரெண்டு மணிக்கு ஒருக்கா 100 வீதம் பகல் 12 மணி நேரம் குடுத்தப்போ, ஒல்லியானவங்களுக்கு நாளைக்கு 150 கலோரி கூடுதலாச் செலவாச்சு. உட்கார்ந்த இடத்துல 150 கலோரி! நான் தினம் நாலு கப் குடிக்கிறவன், பேரைப் பார்த்தாலே தெரியும். என் கட்சி காபிக் கட்சி.

#3 கணக்குப்புலி

நாலாவது கப் அண்ணன் அந்த ஆய்வில் பாதியைத்தான் சொன்னார். அதே ஆய்வில் இன்னொரு குழு இருந்தது: முன்பு குண்டாக இருந்து எடை குறைத்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது 150 அல்ல, 79 கலோரி. தராசுமுள் எந்தப் பக்கம் வருவார் என்று அவரே முடிவு செய்யட்டும்.

79 என்றே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 79 × 30 = 2370 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 என்ற வழக்கமான கணக்கில் வகுத்தால் மாதம் 300 கிராம். அதுவும் முதல் நாள் வேகம் கடைசி நாள்வரை அப்படியே நீடித்தால்.

இழைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு வேறொன்று, 1992இல் வந்தது. பருமனான 180 பேர், எல்லோருக்கும் நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி உணவு, 24 வாரம். நான்கு குழுவாகப் பிரித்து மூன்று வேளை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் காஃபின் மட்டும், வேளைக்கு 200 மி.கி. தராசுமுள், நீங்கள் எடுக்கும் அளவு அட்சரம் பிசகாமல் அதேதான். இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரை. முடிவில் காஃபின் குழு இறங்கியதும் வெற்று மாத்திரைக் குழு இறங்கியதும் ஏறக்குறைய ஒன்று. வெற்று மாத்திரை விழுங்கியவர்கள் சராசரியாக 13.2 கிலோ இறங்கியிருந்தார்கள். எந்தப் பொருளும் இல்லாமல், சாப்பாட்டை அளந்ததால் மட்டும்.

#4 நாலாவது_கப்

அதுல எஃபெட்ரின்னு ஒரு ஊக்க மருந்தும் காஃபினும் சேர்ந்த குழு 16.6 கிலோ இறங்கிச்சே, அதை ஏன் விட்டீங்க புலி?

#5 கணக்குப்புலி

விட்டதற்குக் காரணம், யாராவது படித்துவிட்டு அதைத் தேடிப் போகக்கூடாது என்பதுதான். மாரடைப்பு, பக்கவாதம் என்று வரிசையாகப் புகார்கள் வந்து, எஃபெட்ரின் உள்ள எஃபெட்ரா மூலிகை கலந்த சப்ளிமென்ட்களை அமெரிக்காவில் 2004இல் தடையே செய்தார்கள். கூடுதலாகக் கிடைத்த மூன்றரைக் கிலோவுக்கு அந்த விலை.

#6 தராசுமுள்

புலி சார், கணக்கெல்லாம் சரி. ஆனா எனக்கு மூணு வாரத்துல 3.8 கிலோ இறங்கிச்சே, அது என்ன கனவா? மாத்திரை ஆரம்பிச்ச அன்னிக்கேதான் டயட்டும் ஆரம்பிச்சேன், அதை ஒத்துக்கறேன்.

#7 மாத்திரைப்பெட்டி

மருந்துக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் 15 வருஷமா நிக்கிறவ நான். தம்பி, முதல் மூணு வாரம் இறங்கினதுல ஒரு பங்கு தண்ணி. கல்லீரல்லயும் தசையிலயும் கிளைக்கோஜன்னு ஒரு சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். ஒரு கிராமுக்குச் சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். சாப்பாட்டைக் குறைச்சதும் அது கரையுது, தண்ணியும் கூடவே போகுது. டயட் ஆரம்பிக்கிற எல்லாருக்கும் நடக்கிறதுதான், மாத்திரை விழுங்கினாலும் விழுங்காட்டியும். பேர் மட்டும் மாத்திரைக்குப் போயிடுது.

டோஸ் கூட்டற பேச்சுக்கு வர்றேன். நீங்க ஏற்கெனவே 600ல இருக்கீங்க. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு நாள் முழுக்க 400, ஒரே வேளையில 200 வரைக்கும் கவலை இல்லைன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல சொன்னது. அது மாத்திரைக்கு மட்டும் இல்ல. காபி, டீ, கோலா, எனர்ஜி டிரிங்க், சாக்லேட் எல்லாம் சேர்த்து. அதனால கூட்டற கேள்விக்கே இடமில்ல, குறைக்கிறதைப் பத்திப் பேசலாம்.

அதுக்கு முன்னாடி நாலு கேள்வி. எத்தனை மணிக்குத் தூங்கறீங்க? மாத்திரைக்கு மேல காபி உண்டா? பிரஷர், படபடப்பு? வேற மருந்து ஏதாவது?

#8 தராசுமுள்

நன்றி அக்கா. படுக்கறது 11, கண் அசர்றது ஒரு மணி ஆயிடுது, எழுந்திரிக்கிறது 6. காபி ஆபீஸ்ல ரெண்டு, பால் சர்க்கரையோட. ஆப்ல "காபி"ன்னு போட்டா கப்புக்கு 2 கலோரி காட்டுது, அதனால அதைப் பெருசா எடுத்துக்கல. பிரஷர் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. வேற மருந்து இல்ல, சிகரெட் இல்ல.

#9 அளவுக்கோப்பை

ஐயையோ, நிறுத்துங்க நிறுத்துங்க. அந்த 2 கலோரி பால் சர்க்கரை இல்லாத வெறும் காபிக்கு! நானும் இதே பள்ளத்துல விழுந்து எழுந்தவ.

ஒரு நாள் சந்தேகம் வந்து, எப்பவும் கலக்கிற மாதிரியே காபி கலந்தேன், ஒரே வித்தியாசம், ஒவ்வொண்ணும் உள்ளே போறதுக்கு முன்னாடி கிச்சன் தராசு வழியாப் போச்சு. பால் 120 மி.லி., கொழுப்பு எடுக்காதது: 74 கலோரி. சர்க்கரை "ரெண்டே ரெண்டு டீஸ்பூன்"னு நான் வாழ்நாள் பூரா சத்தியம் பண்ணிக்கிட்டிருந்தது 13 கிராம், ஏன்னா என் டீஸ்பூன் எப்பவும் கோபுரம் கட்டித்தான் வரும். 52 கலோரி. மொத்தம் 126. எனக்கு நாளைக்கு நாலு கப், அதாவது 500. புலி அண்ணன் கஷ்டப்பட்டு வகுத்துக் குடுத்த 79 கலோரியை முதல் கப்பே குடிச்சிட்டு மிச்சம் கேட்கும்.

#10 மாத்திரைப்பெட்டி

அளவுக்கோப்பை சொன்னது பாதி. மீதி அந்த ஒரு மணித் தூக்கத்துல இருக்கு.

நாள் முழுக்க மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துக்கிட்டே போகும். அது போய் உட்கார்ற இடத்துல உட்கார்ந்தாத்தான் நமக்கு அசதி, தூக்கம். காஃபின் முந்திக்கிட்டு அந்த நாற்காலியில துண்டு போட்டு இடம் பிடிச்சுடும். அசதி எங்கேயும் போகல, வாசல்ல நிக்குது, அவ்வளவுதான்.

உள்ளே போன காஃபின் பாதியாக் குறைய சராசரியா அஞ்சு மணி நேரம். உங்க மூணு வேளையை அந்தக் கணக்குல போடுங்க. ராத்திரி 11 மணிக்குக் காலை மாத்திரையில 25 மி.கி. மிச்சம், மதியத்துல 50, சாயங்காலத்துல 100. ஆக 175. ஆபீஸ் காபியை நான் சேர்க்கவே இல்ல. கிட்டத்தட்ட ரெண்டு பெரிய கப் காபியைக் குடிச்சிட்டுப் போர்வையைப் போர்த்தற மாதிரி. படுக்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மி.கி. எடுத்தவங்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சதுன்னு 2013ல பரிசோதிச்சுக் காட்டியிருக்காங்க.

எல்லாருக்கும் அஞ்சு மணி நேரம்னு இல்ல. சிகரெட் பிடிக்கிறவங்களுக்குச் சீக்கிரம் கரையும். கருத்தடை மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம். கர்ப்பத்துல இன்னும் நீளும், அதனாலதான் அவங்களுக்கு நாளைக்கு 200க்குள்ளன்னு வரம்பு, அந்த நேரத்துல எடை குறைக்கிற பேச்சே வேண்டாம். சிப்ரோஃப்ளோக்சசின் (ஒரு ஆன்டிபயாடிக்), ஃப்ளூவாக்சமின் (ஒரு மனநல மருந்து) மாதிரி மருந்து எடுக்கும்போது காஃபின் வெளியே போகாம உள்ளேயே தேங்கும். "வழக்கமாக் குடிக்கிற காபிதான், ஏனோ நெஞ்சு படபடங்குது"ன்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது, புதுசா ஆன்டிபயாடிக் ஏதாவது ஆரம்பிச்சீங்களான்னுதான்.

#11 நாலாவது_கப்

தூக்கம் கெட்டா கண்ணு கீழே கருவளையம் வரும், எடைக்கு என்ன சம்பந்தம்?

#12 கணக்குப்புலி

நேரடிச் சம்பந்தம். 2010இல் வந்த சிறிய ஆய்வு, பத்தே பேர். ஒரே கலோரிக் கட்டுப்பாடு, இரண்டு இரண்டு வாரம். ஒரு முறை இரவு 8.5 மணி நேரம் படுக்கை, மறுமுறை 5.5. இரண்டிலும் இறங்கிய எடை சுமார் 3 கிலோ. தராசைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதியெல்லாம் தசை போன்றவை. பசியும் கூடியது.

பட்டினி கிடப்பது கொழுப்பைக் கரைக்கத்தானே? தசையைக் கொடுத்துவிட்டுக் கொழுப்பை வைத்துக்கொள்ள யாராவது சம்மதிப்பார்களா?

#13 நாலாவது_கப்

சரி, சாயங்கால மாத்திரை தப்பு, அதுல சரண்டர். ஆனா காபியை மொத்தமாக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க. 2023ல பெரிய ஆய்வு ஒண்ணு, பல்லாயிரம் பேரை வருஷக்கணக்காப் பின்தொடர்ந்தது. சர்க்கரை போடாத காபியைத் தினம் ஒரு கப் கூட்டினவங்களுக்கு நாலு வருஷத்துல எடை ஏறினது 0.12 கிலோ குறைவா இருந்திச்சு.

#14 கணக்குப்புலி

நாலு வருஷத்துக்கு 120 கிராம். அண்ணே, உங்கள் கட்சி டெபாசிட்டைக் காப்பாற்றிவிட்டது, வாழ்த்துகள். அதே ஆய்வில் தினம் ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூடினவர்களுக்கு 0.09 கிலோ கூடுதலாக ஏறியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய ஒரு கப் காபியின் பலனைத் தின்றுவிடுகிறது.

#15 நிர்வாகி

"7 நாளில் 7 கிலோ" என்ற தூள் விளம்பரம், போன் நம்பரோடு வந்தது, நீக்கப்பட்டது. அந்தக் கணக்கும் முடக்கப்பட்டது. தொடருங்கள்.

#16 மாத்திரைப்பெட்டி

நிர்வாகிக்கு நன்றி. தூள்னு பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும். சுத்தமான காஃபின் தூள் ஒரு டீஸ்பூன் சுமார் 28 கப் காபிக்குச் சமம்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிச்சிருக்கு. வேகமா 1200 மி.கி. உள்ளே போனாலே வலிப்பு வரைக்கும் போகலாம். வீட்டு ஸ்பூனால 200 மி.கி. அளக்க முடியாது, அது ஒரு டீஸ்பூனை 16 பங்காக்கினா ஒரு பங்கு. உயிர் போன சம்பவங்கள் இருக்கு. "கொழுப்பு எரிப்பான்" டப்பாக்கள்ல கிரீன் டீ சாறும் சேர்ந்து வரும். அதுல இருக்கிற ஈஜிசிஜிங்கிற பொருள் நாளைக்கு 800 மி.கி.யைத் தொட்டா, கல்லீரல் பாதிப்பைக் காட்டற நொதிகள் ரத்தத்துல ஏறுதுன்னு 2018ல ஐரோப்பிய ஆணையம் சொல்லியிருக்கு. கோப்பையில குடிக்கிற கிரீன் டீயைச் சொல்லல, பயப்படாதீங்க.

#17 ஓட்டைஷூ

எல்லாரும் சும்மா உட்கார்ந்து எரிக்கிற கலோரியையே பேசறீங்க. என் அனுபவத்துல காஃபினுக்கு உருப்படியான இடம் ஒண்ணே ஒண்ணு, உடற்பயிற்சிக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி.

கம்மியாச் சாப்பிடற நாள்ல கால் ரெண்டும் ஈரமணல் மூட்டை மாதிரி இருக்கும், தெரியுமில்ல? அப்போ வெறும் காபி ஒரு கப் உள்ளே போனா, 25 நிமிஷத்துல திரும்பற நான் 40 நிமிஷம் ஓடறேன். அந்த 15 நிமிஷம் எரிக்கிறது மாத்திரை எரிக்கிறதைத் தாராளமாத் தாண்டும். விளையாட்டு வீரர்களுக்குப் பரிசோதிச்ச அளவு எடைக்கு கிலோவுக்கு 3லிருந்து 6 மி.கி. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அவ்வளவு தேவையே இல்ல. 2004க்கு முன்னாடி ஒரு அளவுக்கு மேல சிறுநீர்ல காஃபின் இருந்தா ஊக்கமருந்துக் குற்றம், இது பல பேருக்குத் தெரியாது. அந்த வருஷம்தான் தடைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க.

காலையில ஓடறவங்களுக்கு இது சரி. ராத்திரி எட்டு மணி ஜிம்முக்கு இதைச் சொன்னா அக்கா அடிக்க வருவாங்க.

#18 மழைத்துளி88

படிச்சிட்டே வந்தேன், என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்டுடறேன். நான் 1300 கலோரி டயட், தைராய்டு மாத்திரை உண்டு, போன டெஸ்ட்ல ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரையும் குடுத்திருக்காங்க. காலையில எழுந்ததும் தைராய்டு மாத்திரை, உடனே காபி. சாப்பாட்டோட டீ. பசி அடங்குதுன்னுதான். தப்பா?

#19 மாத்திரைப்பெட்டி

மழைத்துளி, ரெண்டுமே நேரத்தை மாத்திக்கிட்டாச் சரியாயிடும். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்க, இல்லேன்னா மருந்து உடம்புல சரியாச் சேராது.

இரும்புச்சத்து விஷயத்துல குற்றவாளி காஃபின் இல்ல, காபி டீயில இருக்கிற பாலிஃபீனால்கள்ங்கிற தாவரப் பொருள்கள். 1983ல அளந்திருக்காங்க: சாப்பாட்டோட காபி குடிச்சா இரும்பு உறிஞ்சறது 39 சதவீதம் குறைஞ்சது, டீ குடிச்சா 64 சதவீதம். இதுல எனக்குப் பிடிச்ச பகுதி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்ச காபி எதையும் கெடுக்கல. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சது, கூடவே குடிச்ச அளவுக்குக் கெடுத்துச்சு. அதனால டீயை முன்னாடி தள்ளுங்க. 1300 கலோரியில வர்ற இரும்பே கொஞ்சம், அதையும் டீக்குத் தாரை வார்க்காதீங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இதைச் சொல்லிடுங்க.

#20 தராசுமுள்

12 நாள் கழிச்சு வர்றேன். படிப்படியாக் குறைச்சிருக்கணும். நான் வீராப்புல சாயங்காலத்தையும் மதியத்தையும் ஒரே நாள்ல நிறுத்தினேன். மறுநாள் மதியமே தலைவலி, நெத்திக்குள்ள யாரோ மெதுவாச் சுத்தியலால தட்டற மாதிரி. மூணாம் நாள் உச்சம், ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல என்ன பேசினாங்கன்னே ஞாபகம் இல்ல. ஒரு வாரத்துல போச்சு.

இன்னொண்ணு, இதை எழுதவே வெக்கமா இருக்கு. நான் ராத்திரி 9 மணிக்கு ஆப்பை மூடிடுவேன். ஒரு மணிவரை முழிச்சிருந்த காலத்துல அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் கணக்குலயே இல்ல. நிறுத்தினதுக்கு முந்தின வாரம் ஒரு காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி எழுதினேன்:

புதன் 11:50, வேர்க்கடலை ஒரு கைப்பிடி. தராசுல 34 கிராம். 193 கலோரி.
வியாழன் 12:20, பால் ஒரு டம்ளர் சர்க்கரையோட.
வெள்ளி 12:05, வேர்க்கடலை. அளக்கல. அளக்கப் பிடிக்கல.

இதோட ஆபீஸ் காபி ரெண்டு. "1500" கலோரி டயட்!

#21 அளவுக்கோப்பை

"அளக்கப் பிடிக்கல" 😄 தம்பி, இந்த இழையிலயே நேர்மையான வரி அதுதான்.

#22 கணக்குப்புலி

தலைவலி எதிர்பார்த்ததே, நிறுத்தி 12-24 மணி நேரத்தில் தொடங்கி ஒன்பது நாள்வரை நீடிக்கலாம். அடுத்தவர்களுக்கு: சில நாளுக்கு ஒருமுறை கால் பங்கு என்று இறக்குங்கள்.

தராசைத் தினமும் பார்க்கிறீர்கள் என்றால் ஏழு நாள் சராசரியை மட்டும் நம்புங்கள். உப்பு கூடிய ஒரு சாப்பாடே ஒரு கிலோ தண்ணியைப் பிடித்து வைத்துவிடும்.

#23 தராசுமுள்

அஞ்சு வாரம் ஆச்சு. ஏழு நாள் சராசரி 77.6. இப்போ காலையில பால் சர்க்கரை இல்லாத காபி ஒண்ணு, முதல் வாரம் கஷாயம் மாதிரி முகம் சுளிச்சுக் குடிச்சேன், இப்போ பழகிடுச்சு. நடக்கப் போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. மதியம் 12க்கு மேல கிடையாது. பதினொண்ணரைக்குள்ள தூங்கிடறேன், வேர்க்கடலை டப்பா நிரம்பியே இருக்கு. பிரஷரும் பார்த்தேன், சரியா இருக்கு.

#24 நாலாவது_கப்

அப்போ காஃபினைக் குறைச்சதும் எடை இறங்குதுன்னா, காஃபின்தான் எடை கூட்டுதுன்னு எழுதப் போறீங்களா புலி?

#25 கணக்குப்புலி

இல்லை அண்ணே. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடுராத்திரியில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்க ஆள் முழித்திருந்தது, அவ்வளவுதான்.

#26 மழைத்துளி88

ஒரு கேள்வி. சாயங்காலம் காபி வாசனைக்கு ஏங்குது. டீகாஃப், அதாவது காஃபின் எடுத்த காபி, குடிச்சா தூக்கம் கெடுமா?

#27 மாத்திரைப்பெட்டி

டீகாஃப்ல காஃபின் பூஜ்யம் இல்ல, கப்புக்கு 2லிருந்து 15 மி.கி. வரைக்கும் இருக்கும். பெரும்பாலானவங்களுக்குத் தூக்கம் கெடாது. ஆனா பாலிஃபீனால் அதுலயும் உண்டு, அதனால இரும்பு மாத்திரை நேரத்துல வேண்டாம்.

தராசுமுள், மிச்சம் இருக்கிற மாத்திரைகளைச் சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க.